பிடிவாதம் என்றால் என்ன? ஒரு சொல்லின் பொருளும் பிறப்பும்

(தோட்டப்புறக் குடும்பங்களின் சந்திப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உரிமை பற்றிப் பேசுங்கள் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். உரிமையைப் பற்றி இதே மேடையில் பலர் பேசிவிட்டார்கள். இனியும் பேசுவார்கள். நான் இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசுகிறேன் என்று அனுமதி கேட்டேன். இங்கே உட்கார்ந்திருக்கும் நம்மில் பலர் பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்ட சொல் அது. பிடிவாதம்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வருகிறது. மாற்று வீடு எங்கே, எப்போது கிடைக்கும், யார் பெயரில் எழுதப்படும் என்று நாம் கேட்கிறோம். அதை எழுத்தில் கொடுங்கள் என்கிறோம். உடனே, "நீங்கள் பிடிவாதம் பிடிக்கிறீர்கள்" என்கிறார்கள். அலுவலகத்துக்குப் போனால் மலாயில் "டெகில்" என்கிறார்கள். கோபம் கூடினால் "கெராஸ் கெப்பாலா" என்கிறார்கள். கெட்டித் தலை என்று பொருள். வீட்டுக்கு வந்தால் நம் சொந்தக்காரர்களே, "ஏன் மாமா இவ்வளவு பிடிவாதம்? கொடுக்கிறதை வாங்கிக்கிட்டுப் போயிடுங்களேன்" என்கிறார்கள்.

அந்தச் சொல்லைக் கேட்டவுடன் நமக்கு ஒரு கூச்சம் வந்துவிடுகிறது. ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோலத் தலை குனிகிறோம். அந்தக் கூச்சத்திலேயே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டவர்கள் நம்மிடையே உண்டு. அந்தச் சொல் அப்படி என்னதான் சொல்கிறது என்று இன்று பிரித்துப் பார்ப்போம்.

பிடி

பிடிவாதம் என்பதில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. முதல் சொல் பிடி. இது நம் தமிழ்ச் சொல். கையால் பற்றுவதுதான் பிடி. ஒரு கை கொள்ளும் அளவும் பிடிதான், ஒரு பிடி அரிசி என்கிறோம். கத்தியில் கை வைக்கும் இடம் பிடி. மாடிப்படி ஏறும்போது விழாமல் இருக்கக் கைப்பிடி. ஓர் ஆள் வாழ்க்கையில் நிமிர்ந்து நிற்க ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டும் என்கிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "எனக்கு இந்தப் பாட்டுப் பிடிக்கும்", "பிள்ளைக்கு அந்த டீச்சரைப் பிடிக்கும்" என்று சொல்கிறோம். விருப்பத்துக்கும் நாம் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். மனசுக்குப் பிடித்ததைக் கையும் பிடித்துக்கொள்கிறது. பிடித்த பொருளை விடுவதற்கு மனசு வராது. இது மனித இயல்பு.

நம் தோட்டத்துச் சரித்திரத்தில் இந்தப் பிடி வேறு விதமாகவும் வந்திருக்கிறது. நம் முன்னோரைக் கப்பலேற்ற ஊர் ஊராக வந்த கங்காணி ஆள் பிடித்தான். இங்கே வந்து இறங்கியதும் முன்பணத்துக்கும் அரிசிக்கும் சம்பளத்தில் பிடித்தம் செய்தார்கள். ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போனால் குற்றம் என்று பிடியாணை வந்தது. ஆள்பிடிப்பு, பிடித்தம், பிடியாணை. அந்தக் காலமெல்லாம் பிடி அடுத்தவர் கையில் இருந்தது; பிடிபட்டவர்கள் நாம். பிடிவாதத்தில்தான் முதல் தடவையாகப் பிடி நம் கைக்கு வருகிறது. அப்போதுதான் அது கெட்ட பெயராகிறது!

வாதம்

இரண்டாவது சொல் வாதம். இது வடமொழியிலிருந்து வந்தது. பேசுவது என்ற வேரிலிருந்து பிறந்த சொல். காரணம் காட்டிப் பேசுவது வாதம். இதிலிருந்து எத்தனை சொற்கள் நம்மிடம் புழங்குகின்றன பாருங்கள். வாதாடுவது, விவாதம், வாக்குவாதம். நீதிமன்றத்துக்குப் போனால் வழக்குப் போட்டவர் வாதி, எதிர்த்தரப்பு பிரதிவாதி. பெரிய மனிதர்கள் புழங்கும் கௌரவமான சொல் இது.

உடம்பில் வருகிற வாதமும் ஒன்று இருக்கிறது. மூட்டுவாதம், பக்கவாதம் என்கிறோமே, அது வேறு வேர். காற்று என்று பொருள். வடமொழியில் இரண்டுக்கும் எழுத்து வேறு. தமிழில் எழுதும்போது ஒரே மாதிரி ஆகிவிட்டது. நான் சொல்வது பேச்சு வாதம். ஆனாலும் காரணமே இல்லாமல் பிடித்துக்கொண்டிருந்தால் பிடிவாதம் பக்கவாதமாகி ஆளை முடக்கிவிடும் என்பது உண்மைதான். அதற்கும் பின்னால் வருகிறேன்.

ஆக, பிடிவாதம் என்ற சொல்லில் கையும் இருக்கிறது, வாயும் இருக்கிறது. பற்றிக்கொள்வதும் இருக்கிறது, அதற்குக் காரணம் சொல்லிப் பேசுவதும் இருக்கிறது. வாதம் இல்லாமல் பிடி மட்டும் இருந்தால் அது வெறும் அடம். பிடி இல்லாமல் வாதம் மட்டும் இருந்தால் அது காப்பிக்கடைப் பேச்சு. இன்று வழக்கில் பிடிவாதம் என்பதைக் குறையாகத்தான் சொல்கிறோம், மறுக்கவில்லை. ஆனால் சொல்லுக்குள்ளே இரண்டு பாகம் இருப்பதை மறந்துவிடக் கூடாது. நம்மைப் பிடிவாதக்காரர்கள் என்று சொல்கிறவர்கள் பிடியை மட்டும் பார்க்கிறார்கள், வாதத்தைக் காது கொடுத்துக் கேட்பதில்லை.

ஆளுக்கு ஏற்ற பெயர்

விட்டுக்கொடுக்க மறுக்கும் செயலுக்குத் தமிழில் பெயர்கள் நிறைய. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும்.

அடம் என்கிறோம். யார் அடம் பிடிப்பது? சின்னப் பிள்ளை. பலூன் கேட்டுக் கடைவாசலில் உருண்டு அழுகிற பிள்ளை. ஒரு பெரிய மனிதரைப் பார்த்து "அடம் பிடிக்கிறார்" என்று சொன்னால் அவரைப் பிள்ளையாக்கிவிட்டோம். சண்டித்தனம் என்கிறோம். சண்டி மாடு என்பது நுகத்தடியில் பூட்டினால் படுத்துக்கொள்கிற மாடு. தொழிலாளி சண்டித்தனம் செய்கிறான் என்றால் அவனை மாடாக்கிவிட்டோம். முரண்டு, வீம்பு, திமிர் என்று இன்னும் இருக்கின்றன.

இதே செயலை வசதியானவர் செய்தால் என்ன பெயர்? "முதலாளி ரொம்பக் கறார்" என்கிறோம். அதில் ஒரு மரியாதை இருக்கிறது. அரசியல் தலைவர் செய்தால் "கொள்கை உறுதி". அதிகாரி செய்தால் "கண்டிப்பு". செயல் ஒன்றுதான். ஆள் மாறும்போது பெயர் மாறுகிறது. துரை தன் பேச்சை மாற்றாவிட்டால் கண்டிப்பு, தொழிலாளி தன் பேச்சை மாற்றாவிட்டால் சண்டித்தனம்.

கறார் என்ற சொல்லையும் கொஞ்சம் பாருங்கள். அது அரபு, உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல். உறுதி, முடிவாகச் செய்துகொண்ட உடன்பாடு என்பது அதன் மூலப் பொருள். பேசி முடித்தது பேசி முடித்ததுதான், பிறகு மாற்றக்கூடாது என்பதுதான் கறார். அப்படியென்றால் கொடுத்த வாக்கை நிறைவேற்றுங்கள் என்று கேட்கிற தோட்டத் தொழிலாளிதான் உண்மையில் கறாரான ஆள். அவருக்கு அந்தப் பெயரை யாரும் கொடுப்பதில்லை.

நம் நாடே வாங்கிய பெயர்

இந்தப் பெயர் வைக்கும் வேலை நம் நாட்டுக்கே ஒருமுறை நடந்தது. பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 1993 நவம்பரில் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் ஏபெக் தலைவர்களின் கூட்டம் நடந்தது. அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் அதற்குப் போகவில்லை. ஆஸ்திரேலியப் பிரதமர் பால் கீட்டிங் அவரை "ரெகால்சிட்ரன்ட்" என்று ஆங்கிலத்தில் குறிப்பிட்டார். சொன்னபடி கேளாமல் முரண்டு பிடிப்பவர் என்று பொருள்.

அந்தச் சொல்லின் பிறப்பைக் கேளுங்கள். லத்தீன் மொழியில் குதிகாலுக்குக் கால்க்ஸ் என்று பெயர். பின்னங்காலால் உதைப்பது என்ற சொல் அதிலிருந்து வந்தது. ஏறி உட்கார்ந்தவனை உதைத்துத் தள்ளப் பார்க்கிற குதிரை, கோவேறு கழுதை, அதுதான் ரெகால்சிட்ரன்ட். நமக்குச் சண்டி மாடு, அவர்களுக்கு உதைக்கிற மிருகம். எந்த ஊரிலும் பெயர் வைக்கிறவன் மேலே உட்கார்ந்திருக்கிறான்.

அந்த ஒரு சொல்லுக்கு நம் நாட்டில் பெரிய கொந்தளிப்பு எழுந்தது. ஆஸ்திரேலியாவுடனான வர்த்தகத்தையே பாதிக்கும் நடவடிக்கைகள் பற்றிப் பேசப்பட்டது. புண்படுத்தும் நோக்கம் தமக்கு இல்லை என்று கீட்டிங் விளக்கிய பிறகே விவகாரம் தணிந்தது. சிறிய நாடு பெரிய நாடுகளின் கூட்டத்துக்கு வர மறுத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணத்தைக் கேளாமல் பெயர் சூட்டுவது அவமதிப்பு என்று நாடு நினைத்தது. நியாயம்தான். அதே நியாயத்தைத்தான் நாம் கேட்கிறோம். நாட்டுக்கு வலித்தது லயத்து வீட்டுக்காரனுக்கும் வலிக்கும் என்று புரிந்துகொண்டால் போதும்.

சத்தியத்தைப் பிடித்தவர்கள்

உலகமே மதிக்கிற ஒரு பிடிவாதமும் இருக்கிறது. அதன் பெயரிலேயே பிடி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சத்தியாக்கிரகம். சத்தியம், ஆக்கிரகம் என்ற இரண்டும் சேர்ந்தது. ஆக்கிரகம் என்றால் உறுதியாகப் பற்றிக்கொள்வது, விடாப்பிடி. சத்தியத்தை விடாமல் பிடித்துக்கொள்வது என்று தமிழில் சொல்லலாம்.

இந்தச் சொல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தது. அங்கே 1906ல் தொடங்கிய போராட்டத்தை ஆங்கிலத்தில் சாத்வீக எதிர்ப்பு என்ற பொருளில் அழைத்தார்கள். பலவீனமானவர்களின் ஆயுதம் என்று பிறர் நினைக்க அது இடம் கொடுத்தது. அது காந்தியடிகளுக்குப் பிடிக்கவில்லை. தமது இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையில் நல்ல பெயர் சொல்லுமாறு வாசகர்களைக் கேட்டார். மகன்லால் காந்தி என்பவர் "சதாக்கிரகம்" என்று எழுதி அனுப்பினார். நல்ல காரியத்தில் உறுதி என்று பொருள். அதைத்தான் காந்தி சத்தியாக்கிரகம் என்று திருத்தி வைத்தார்.

அந்தப் பிடியை அங்கே பிடித்தவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். நம்மைப்போல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களும் அவர்களின் பிள்ளைகளும். நம் முன்னோர் மலாயாவுக்கு வந்தார்கள், அவர்கள் நேட்டாலுக்குப் போனார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் அங்கேயே தங்க விரும்பினால் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். கூலிக்காரனால் கட்ட முடியாத தொகை. 1913ல் நிலக்கரிச் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலையை நிறுத்தினார்கள். இந்து, முஸ்லிம் முறைப்படி நடந்த திருமணங்கள் செல்லாது என்ற நிலையை ஒரு நீதிமன்றத் தீர்ப்பு உண்டாக்கியதால் அதே ஆண்டில் பெண்களும் களத்தில் இறங்கினார்கள்.

அவர்களில் ஒருவர் தில்லையாடி வள்ளியம்மை. பெற்றோருக்குத் தில்லையாடி ஊர். இவர் பிறந்தது ஜொகன்னஸ்பர்க்கில். சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22ஆம் தேதி இறந்தபோது அவருக்கு வயது 16. அதே ஆண்டில் அந்த 3 பவுன் வரி நீக்கப்பட்டது. பதினாறு வயதுப் பிள்ளையின் பிடிவாதத்தை அடம் என்று யாராவது சொல்ல முடியுமா?

சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம்

நம் மண்ணுக்கு வருவோம். 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் விரிவாகச் சொல்லித் தருவதில்லை. வீட்டில் நாம்தான் சொல்ல வேண்டும்.

அது போர்க் காலம். ரப்பருக்கு நல்ல கிராக்கி. அதே நேரத்தில் விலைவாசியும் ஏறியது. பால்வெட்டுகிறவர்களின் கூலி அதற்கேற்ப ஏறவில்லை. அதே வேலைக்குச் சீனத் தொழிலாளர்களுக்குக் கிடைத்த கூலி அதிகம். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் தொழிலாளர்களைத் திரட்டியது. அதன் முன்னணியில் இருந்தவர் ஆர்.எச். நாதன்.

அவர்கள் வைத்த கோரிக்கைகளைக் கேளுங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி. பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். கொடுமை செய்யும் அதிகாரிகளை நீக்கித் தமிழ் தெரிந்தவர்களை அமர்த்த வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி. ஒழுங்கான மருத்துவ வசதி. பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உறவினர்கள் தோட்டத்துக்குள் வந்து போக அனுமதி. சங்கம் அமைக்க உரிமை. குறை சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது.

இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரைமார் முன்னும் கிராணிமார் முன்னும் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்ல அனுமதி வேண்டும்.

இன்றைய பிள்ளைகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அன்றைக்கு வழக்கம் அதுதான். தொழிலாளி சைக்கிளில் போகும்போது எதிரே துரை வந்தால் இறங்கி நிற்க வேண்டும். துரை போன பிறகுதான் மறுபடி ஏற வேண்டும். தோட்ட நிர்வாகத்தின் கண்ணில் அது சாதாரண மரியாதை. இறங்க மறுக்கிறவன் திமிர் பிடித்தவன்.

கூலி உயர்வுக் கோரிக்கையில் பேரம் பேசலாம். பத்து சென் கேட்டவன் ஐந்து சென்னுக்குச் சம்மதிக்கலாம். சைக்கிள் விஷயத்தில் என்ன பேரம் பேசுவது? பாதி இறங்குவதா? ஒரு காலை ஊன்றிக்கொண்டு ஒரு காலைப் பெடலில் வைத்திருப்பதா? இறங்கினால் நான் உனக்குக் கீழே, இறங்காவிட்டால் நானும் மனிதன். பணத்தில் விட்டுக்கொடுக்கலாம், மனிதத் தன்மையில் விட்டுக்கொடுக்க முடியாது என்பதை எழுதப் படிக்கத் தெரியாத நம் தாத்தா பாட்டிகள் தெரிந்து வைத்திருந்தார்கள்.

1941 மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கைதைக் கண்டித்து வேலைநிறுத்தம் பரவியது. சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். துருப்புகள் வந்தன. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். போராட்டம் நசுக்கப்பட்டது. அப்போது கேட்டிருந்தால், பிடிவாதம் பிடித்து என்ன கண்டார்கள் என்றுதான் பலர் சொல்லியிருப்பார்கள்.

இன்று அந்தக் கோரிக்கைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். சங்கம் அமைக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. வேலை நேரத்துக்கு வரம்பு இருக்கிறது. யாருடைய மோட்டார் வண்டியைக் கண்டும் நாம் சைக்கிளை விட்டு இறங்குவதில்லை. அன்று திமிர் என்று சொல்லப்பட்டது இன்று சாதாரண வாழ்க்கை ஆகிவிட்டது. இதை நினைவில் வையுங்கள்.

நம் காலத்தில்

தோட்டத்தில் மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கூலி இல்லை என்ற நிலை தலைமுறை தலைமுறையாக இருந்தது. மாதச் சம்பளம் வேண்டும் என்று நம் மக்கள் கேட்டபோதெல்லாம் நடக்காத காரியம் என்றார்கள். 2013 ஜனவரி முதல் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் நடப்புக்கு வந்தது. தீபகற்பத்தில் 900 வெள்ளி. 2025 பிப்ரவரியில் அது 1,700 வெள்ளி ஆனது. போதுமா என்றால் போதாது. ஆனால் நடக்காது என்றது நடந்தது.

தமிழ்ப்பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 1957ல் 888 பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் அழிய அழியப் பள்ளிகளும் மூடப்பட்டன. இன்று 500க்குச் சற்று மேலே நிற்கின்றன. நிற்பவை எப்படி நின்றன? "தமிழ் சோறு போடுமா?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே பிள்ளையைக் கையில் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்த பெற்றோரால் நின்றன. எஸ்.பி.எம். தேர்வில் பத்துப் பாடங்களுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று 2009ல் அறிவித்தபோது தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் அடிபடும் என்று சமுதாயம் விடாமல் குரல் கொடுத்தது. அதே ஆண்டு இறுதியில் பன்னிரண்டு பாடங்கள் வரை எடுக்கலாம் என்று மாற்றினார்கள்.

2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூரில் மக்கள் சக்தி என்று முழங்கிக்கொண்டு திரண்டவர்கள் மேல் கண்ணீர்ப் புகை வீசப்பட்டது. டிசம்பரில் ஐவரை விசாரணையின்றி இசா சட்டத்தில் அடைத்தார்கள். அந்த இசா சட்டம் 2012ல் ரத்தானது. அந்த நாளுக்கு முன்னால் நம்மைப் "பொறுமைசாலிகள்" என்றார்கள். அதற்குப் பின்னால் "பிடிவாதக்காரர்கள்" என்றார்கள். முதல் பெயரில் நமக்குக் கிடைத்தது என்ன என்று நாமே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஈப்போவில் ஒரு பாலர் பள்ளி ஆசிரியை, எம். இந்திரா காந்தி. 2009ல் அவருடைய சம்மதம் இல்லாமல் தகப்பனார் மூன்று பிள்ளைகளின் மதத்தையும் மாற்றினார். பதினொரு மாதக் கைக்குழந்தையையும் கொண்டுபோய்விட்டார். எந்த மதத்தையும் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. ஒரு தாயின் பிடியைப் பற்றிச் சொல்கிறேன். உயர்நீதிமன்றத்தில் வென்றார், மேல்முறையீட்டில் தோற்றார், விடவில்லை. 2018 ஜனவரி 29ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம், பிள்ளைகளின் மதமாற்றத்துக்குத் தாய் தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நாட்டில் எத்தனையோ குடும்பங்களுக்குப் பாதுகாப்பு. அந்தத் தாயோ தீர்ப்பு வந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் கடைசி மகளைத் தேடி அலைந்துகொண்டுதான் இருந்தார். பிடியும் வாதமும் சேர்ந்தால் என்ன நடக்கும், அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்ற இரண்டையும் அவரிடம் பார்க்கிறோம்.

சமரசமும் விட்டுக்கொடுப்பதும்

"சமரசமாகப் போங்கள்" என்று நமக்கு அறிவுரை சொல்பவர்கள் உண்டு. நல்ல அறிவுரைதான். சமரசம் என்ற சொல்லின் முதல் பாதி என்ன? சமம். இருவரும் சமமாக உட்கார்ந்து பேசி வருவது சமரசம். ஒருவர் நாற்காலியில் இருக்க, மற்றவர் வாசலில் நிற்க, "இதுதான் முடிவு, கையெழுத்துப் போடு" என்றால் அதன் பெயர் சமரசம் ஆகாது. முதலில் நாற்காலி கொடுங்கள், பிறகு சமரசம் பேசுவோம்.

விட்டுக்கொடுப்பது என்று ஒரு சொல் இருக்கிறது. குடும்பத்தில் அண்ணன் தம்பிக்குள், கணவன் மனைவிக்குள் விட்டுக்கொடுத்துப் போனால்தான் வாழ்க்கை. ஆனால் இதே சொல்லை வேறு மாதிரியும் சொல்வோம். "எங்கம்மா என்னை யார்கிட்டேயும் விட்டுக்கொடுக்க மாட்டாங்க" என்போம். "என்ன சண்டை இருந்தாலும் வெளி ஆள் முன்னாடி தம்பியை விட்டுக்கொடுக்கலை" என்போம். அங்கே விட்டுக்கொடுக்காமல் இருப்பது அன்பு, விசுவாசம். ஆகவே யாராவது "விட்டுக்கொடு" என்றால் எதை என்று கேளுங்கள். ஒரு பொருளையா, தேதியையா, தொகையையா? யோசிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரையா, பிள்ளையின் படிப்பையா, ஐம்பது வருடம் பால்வெட்டிய அப்பாவின் உழைப்பையா? அதை விட்டுக்கொடுத்தால் துரோகம்.

நம்மிடம் உள்ள வெறும் பிடி

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் உங்களுக்கு முகஸ்துதி பாடியவன் ஆகிவிடுவேன். வாதம் இல்லாத வெறும் பிடியும் நம்மிடம் நிறைய இருக்கிறது. கோயில் நிர்வாகத்தில் ஒரு நாற்காலிக்காகப் பத்து வருடம் வழக்கு நடத்துகிறோம். கல்யாணத்தில் சாதி பார்த்துப் பிள்ளைகளின் வாழ்க்கையை நாசம் செய்கிறோம். ஐந்து பேர் சேர்ந்தால் ஆறு சங்கம் தொடங்குகிறோம். பெண் பிள்ளை மேலே படிக்கிறேன் என்றால் "நான் சொன்னது சொன்னதுதான்" என்று அப்பா நிற்கிறார். ஏன் என்று கேட்டால், "நான் அப்படித்தான்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்ற பழமொழி இந்த ஆட்களுக்காக வந்தது.

மேலே இருப்பவர் நம் வாதத்தைக் கேட்கவில்லை என்று வருந்துகிறோம். வீட்டில் நமக்குக் கீழே இருப்பவர் வாதத்தை நாம் கேட்கிறோமா? அந்தப் பெண் பிள்ளைக்கு நாம்தான் துரை. அவள் நம் முன்னால் சைக்கிளை விட்டு இறங்கிக்கொண்டிருக்கிறாள்.

நாம் செய்ய வேண்டியது

வீட்டுக்குப் போனதும் ஒரு தாளை எடுங்கள். உங்களுக்கு வீடு, சம்பளம், பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, எந்தப் பிரச்சினை இருந்தாலும் சரி, மூன்று விஷயங்களை எழுதுங்கள்.

முதலாவது, எதைப் பிடித்திருக்கிறோம்? ஒரே வரியில் எழுத வேண்டும். ஒரு வரியில் சொல்ல முடியாததை அதிகாரியிடமும் சொல்ல முடியாது.

இரண்டாவது, அதற்குக் காரணம் என்ன? கையில் என்ன ஆதாரம் இருக்கிறது? பழைய சம்பளச் சீட்டு, தண்ணீர் பில், மின்சார பில், பள்ளிக்கூடக் கடிதம், கிளினிக் அட்டை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். யாரைப் பார்த்தோம், எந்தத் தேதியில், என்ன சொன்னார்கள் என்று குறித்து வையுங்கள். இதுதான் வாதம்.

மூன்றாவது, என்ன கிடைத்தால் பிடியை விடுவோம்? இதைப் பலர் எழுதுவதே இல்லை. "எழுத்தில் மாற்று வீடு உறுதியானால், சாவி கையில் கிடைத்த மறுநாள் காலி செய்கிறோம்" என்று தெளிவாக எழுதுங்கள். இந்த மூன்றாவது வரி உங்கள் கையில் இருக்கும்வரை யாரும் உங்களை அடம் பிடிக்கிறவர் என்று சொல்ல முடியாது. எதற்கும் விடமாட்டேன் என்பவன் வீம்புக்காரன். நியாயம் கிடைத்தால் விடுகிறேன் என்பவன் கறாரான மனிதன்.

அவசரப்படுத்தினால் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதீர்கள். நகல் கேளுங்கள். நாலு பேரிடம் காட்டுங்கள். தனியாக எங்கேயும் போகாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவருக்கு ஒன்று என்றால் நீங்கள் போங்கள்.

அடுத்த முறை உங்களைப் பார்த்து யாராவது பிடிவாதக்காரர் என்று சொன்னால் தலை குனியாதீர்கள். "ஆமாம் ஐயா. பிடியைப் பார்த்துவிட்டீர்கள். இனி என் வாதத்தையும் கேளுங்கள்" என்று சொல்லி அந்தக் கோப்பை மேசைமேல் வையுங்கள்.

ஒரு விரலால் எதையும் பிடிக்க முடியாது. ஐந்து விரலும் மடங்கிச் சேர்ந்தால்தான் பிடி. சேர்ந்து பிடிப்போம், காரணத்தோடு பேசுவோம்.